பரந்த இரசனையும் தமிழ்க் கிறிஸ்தவ இசையும்: சமூகவியல் நோக்கில் சில குறிப்புகள்

இசை கேட்பதில் தமக்கு எல்லைகள் இல்லை என்று கூறிக்கொள்வோர் நம்மிடையே பலர் உளர். தேவாரத்தையும் தியாகராசர் கிருதிகளையும் அவர்கள் கேட்பர். நாகூர் ஹனிபாவின் குரலுக்குச் செவிசாய்ப்பர். வட இந்தியக் கவாலியையும் ஐரோப்பியச் சிம்பனியையும் திரையிசையையும் ஒருங்கே விரும்புவர். சைவரல்லாதோர் தேவாரப் பண்ணில் தோய்வதும், முஸ்லிம்கள் அல்லாதோர் ஹனிபாவின் பாடல்களை முணுமுணுப்பதும் நமக்கு வியப்பளிப்பதில்லை. ஆயின், தமிழ்க் கிறிஸ்தவ இசை என்றதும் இவர்களிற் பெரும்பாலோர் அது தேவாலயத்தின் உள்வீட்டு விவகாரம் எனக் கருதி விலகிக்கொள்கின்றனர். பாஹ் இயற்றிய மத்தேயு பாடுகளின் இசையை இசைத்தட்டில் மெய்மறந்து கேட்கும் நண்பர், தமது ஊர்ச் சிற்றாலயத்திலே தவக்காலத்தில் எழும் பிரலாபத்தைக் கேட்க ஒருநாளேனும் நின்றதில்லை.

இந்நிலைக்கு வழக்கமாக இரு விளக்கங்கள் கூறப்படுகின்றன. கிறிஸ்தவப் பாடல்கள் இசைத் தரத்திற் குறைந்தவை என்பது ஒன்று. அவை அந்நிய மண்ணிலிருந்து வந்தவை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தமிழ்க் கிறிஸ்தவ இசை என ஒருபடித்தான ஒரு பொருள் உண்டு எனும் எடுகோளின்மேல் நிற்பவை. உண்மையில் அப்பெயரின்கீழ் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வர்க்கங்களும் சாதிகளும் உருவாக்கிய பல இசைமரபுகள் அடங்கியுள்ளன. அவற்றுள் எது எவருடைய செவியை எட்டியது, எது எட்டவில்லை என்பதை இசையின் தரத்தை மாத்திரம் கொண்டு விளக்கிவிட முடியாது. கேட்பவரின் சமூக நிலைப்பாடும் அதனைத் தீர்மானிக்கின்றது. இக்கட்டுரை அம்மரபுகளை வேறுபடுத்திக் காட்டவும், பரந்த இரசனை என நாம் பெருமை பேசுவது எந்த இடத்தில் நின்றுவிடுகின்றது என்பதைச் சுட்டவும் முற்படுகின்றது.

1. ஞானப்பாட்டு

1706ஆம் ஆண்டு சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது, அவருடன் ஜேர்மன் லூத்தரன் சபையின் பாடல் மரபும் வந்திறங்கியது. அம்மரபின் தோற்றம் முற்போக்கானது என்பதை மறத்தலாகாது. இலத்தீன் மொழியில் பாடகர் குழுவின் தனியுரிமையாயிருந்த வழிபாட்டுப் பாடலை, 16ஆம் நூற்றாண்டில் மக்கள் மொழியில், சபையார் யாவரும் கூடிப் பாடும் ஒன்றாக லூத்தர் மாற்றினார். அவருடைய புகழ்பெற்ற பாடலொன்றை, அந்நூற்றாண்டின் புரட்சிப் பாடல் எனுமாப்போல் பிரெஞ்சுப் புரட்சிக் கீதத்தோடு எங்கெல்ஸ் ஒப்பிட்டமை நினைவுகூரற்பாலது.

ஆயின், ஓரிடத்தில் மக்கள் இசையாக எழுந்தது பிறிதோரிடத்தில் மேலிருந்து இறக்கப்படும்போது அதன் பண்பு மாறிவிடுகின்றது. பப்ரிசியுஸ் (1711–1791) முதலானோர் ஜேர்மன் பாடல்களைத் தமிழாக்கியபோது மெட்டுகளை மாற்றாது வைத்துக்கொண்டனர். ஜேர்மன் யாப்பு அசையழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் யாப்போ குறில் நெடில் வேறுபாட்டையும் எதுகை மோனையையும் சார்ந்தது. அசைக்கொரு சுரமாக நகரும் அம்மெட்டுகளிலே குறில் நீளவும் நெடில் குறுகவும் நேர்ந்தது. அச்சில் வாசிக்கும்போது பொருள் விளங்குகின்றது. பாடும்போது சொல் சிதைகின்றது. இச்சபைகளிற் பிறந்து வளர்ந்தோருக்கு இப்பாடல்கள் தாயின் குரலோடு கலந்த நினைவுகள். அந்நினைவு இல்லாத செவிக்கு அவை அந்நியமாய் ஒலிப்பதில் வியப்பில்லை. தமிழ்க் கிறிஸ்தவ இசை முழுவதையும் பலர் இதனைக் கொண்டே அளந்துவிடுகின்றனர் என்பதே வருந்தத்தக்கது.

2. சாஸ்திரியாரும் அவரது முரண்பாடும்

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இந்நிலையை மாற்றியவர். மிஷனரி சுவார்ட்சின் மாணவர். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜியுடன் பயின்றவர். கீர்த்தனையின் பல்லவி, அனுபல்லவி, சரணம் எனும் அமைப்பைத் தேவாலயத்துள் நிலைநிறுத்தியதோடு அவர் அமையவில்லை. 1800இல் இயற்றப்பட்ட பெத்லகேம் குறவஞ்சியிலே குறத்தி குறி சொல்கின்றாள். சிங்கன் பறவை பிடிப்பது ஆன்மாக்களைச் சேர்ப்பதாக உருவகம் பெறுகின்றது. நொண்டி நாடகத்தின் வடிவில் ஞான நொண்டி நாடகமும், ஏற்றம் இறைப்போரின் பாட்டு வடிவில் ஞான ஏற்றப்பாட்டும் பிறந்தன. ஏற்றப்பாட்டு என்பது இறைத்த சாலின் எண்ணிக்கையைப் பாட்டிலேயே கணக்கிட்டுச் செல்லும் உழைப்புப் பாடல். உழைப்பின் தாளம் வழிபாட்டுள் நுழைந்த தருணம் அது எனலாம்.

எனினும், சாஸ்திரியாரை மக்கள் கவிஞர் என அவசரமாக முடிசூட்டுவது வரலாற்றுக்குப் புறம்பாகும். 1820களில் தஞ்சைக்கு வந்த இளைய மிஷனரிமார், சபையிலே சாதி வேறுபாடின்றி யாவரும் ஒன்றாக அமர வேண்டும் என வற்புறுத்தினர். சாஸ்திரியார் இதனைக் கடுமையாக எதிர்த்தார். 1829இல் சாதியாசார சம்பாவினை எனும் நூலை எழுதிச் சாதி வழக்கத்திற்கு நியாயம் கற்பித்தார். அதே மிஷனரிமார் தமிழ்க் கீர்த்தனைகளை வழிபாட்டிலிருந்து அகற்றவும் முனைந்தனர். அதனையும் அவர் எதிர்த்தார். அவருடைய முறைப்பாட்டிலே வேளாள உயர்குடியின் சாதிப் பெருமையும் தமிழிசைக்கான உரிமைக்குரலும் ஒரே மூச்சில் ஒலித்தன. மிஷனரிமாரிடத்தோ சமத்துவக் கோரிக்கையும் பண்பாட்டு மேலாதிக்கமும் பிரிக்கவியலாது பின்னிக்கிடந்தன.

இம்முரண்பாட்டை ஒரு பக்கம் சாய்த்துத் தீர்த்துவிடுதல் இயலாது. உழவனின் பாட்டைத் தேவாலயத்துள் கொணர்ந்தவரே அவ்வுழவனைத் தம்மருகே அமரவிட மறுத்தார் என்பது பின்னர் வரும் செய்திகளுக்குத் திறவுகோலாகும். வடிவம் உள்ளே வந்தது. அவ்வடிவத்திற்கு உரியவர் வாயிலில் நிறுத்தப்பட்டார்.

சாஸ்திரியாரின் பாடல்கள் பரவியமைக்கு நமது நாட்டோடு ஒரு தொடர்புண்டு. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் கிளையாக 1834இல் மதுரை மிஷன் தொடங்கப்பெற்றது. அதனைச் சார்ந்த எட்வேட் வெப் சாஸ்திரியாரின் பாடல்களைப் பெருமளவிற் கொண்ட கீர்த்தனைத் தொகுதியை 1853இல் வெளியிட்டார். இத்தகைய தொகுப்புகளாலேயே கீர்த்தனை புரொட்டஸ்தாந்து சபைகளின் பொதுச் சொத்தாயிற்று.

3. இரு பாலங்கள்

சபைக்கு வெளியேயுள்ள செவிகளை எட்டும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரு வழிகளில் நிகழ்ந்தது.

முதலாவது, மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) வழி. கத்தோலிக்கரும் முன்சீப்புமான இவர், 1878இல் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை வெளியிட்டார். எச்சமயத்தவரும் பாடத்தக்க வகையில் கடவுளைப் பொதுப்பெயரால் விளித்தமையால், அவரது பாடல்கள் கச்சேரி மேடையில் இயல்பாக இடம்பெற்றன. கிறிஸ்துவின் பெயரை மறைத்தமையே இப்பாலத்தைக் கடக்கக் கொடுத்த சுங்கம் என்பாரும் உளர். ஆயினும், இதனைச் சமரசம் என்று மாத்திரம் ஒதுக்கிவிடலாகாது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தைப் பாடியவர் அவர். பஞ்சத்தால் வாடும் மக்களுக்காக இறைவனை நோக்கி முறையிடும் குரலில், அரச உத்தியோகத்தர் ஒருவரின் மனச்சாட்சி பேசக் காண்கிறோம். அன்று உருவாகிக்கொண்டிருந்த கற்ற மத்தியதர வர்க்கத்தின் வரம்புகளும் சாதனைகளும் அங்கு ஒருங்கே புலனாகின்றன.

இரண்டாவது, ஆபிரகாம் பண்டிதரின் (1859–1919) வழி. சித்த மருத்துவராகத் தஞ்சையில் வாழ்ந்த அவர், 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். 1916இல் பரோடாவில் நடைபெற்ற அகில இந்திய இசை மாநாட்டிற் கலந்துகொண்டார். 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். கருநாடக இசையெனப்படுவதன் அடிப்படை பழந்தமிழிசையே என்பதைச் சிலப்பதிகாரச் சான்றுகொண்டு நிறுவ முயன்றவர். தாமே கிறிஸ்தவக் கீர்த்தனைகளையும் இயற்றினார். இவர் பிறர் செவியை எட்டியது பெயரை மறைத்தன்று, புலமையால். பிறப்பால் சங்கீத மேட்டுக்குடியைச் சாராத, சமயத்தாலும் சிறுபான்மையினரான ஒருவர் அம்மேட்டுக்குடியின் இசைக்கே வரலாறு எழுத முனைந்தமை சாதாரண நிகழ்ச்சியன்று. 1940களில் எழுச்சியுற்ற தமிழிசை இயக்கத்துக்கு அவரது ஆய்வு பெருந்துணையாயிற்று.

ஆயினும், இவ்விரு பாலங்களும் ஒரே கரைக்கே இட்டுச்சென்றன என்பதை மனங்கொள்ளல் வேண்டும். அக்கரை சபா மேடை. அங்கு செல்லத் தயாராயிருந்த கிறிஸ்தவ இசை ஏற்கப்பட்டது, ஏனையது கேட்கப்படவேயில்லை.

4. பிரலாபமும் கூத்தும்

கேட்கப்படாதவற்றுள் முதன்மையானது ஈழத்துக் கத்தோலிக்க மரபிலே கிடக்கின்றது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தை ஒடுக்கினர். கோவையைச் சேர்ந்த குருமார் மறைந்து திரிந்தே மக்களிடம் பணியாற்றினர். அவர்களுள் 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் செய்தவர். அவருடைய வியாகுலப் பிரசங்கம் கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் உரைநடை நூல். ஆனால், தவக்காலத்தில் அது வாசிக்கப்படுவதில்லை. நீட்டி, இழுத்து, விம்மி இசைக்கப்படுகின்றது. நமது பெண்களின் ஒப்பாரிக்கும் இதற்குமுள்ள உறவைக் கேட்போர் உடனே உணர்வர். மகனை இழந்த தாயின் புலம்பலைப் புரிந்துகொள்வதற்குத் திரித்துவக் கோட்பாட்டை ஏற்றிருத்தல் வேண்டும் என்பதில்லை. 2009இல் முடிவுற்ற போரின் பின்னர், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தெருவோரங்களில் அமர்ந்திருக்கும் தாய்மாரைக் கண்ட எவருக்கும் இவ்விசை சமய எல்லைக்குட்பட்ட ஒன்றாகத் தோன்றாது.

கூத்தும் அத்தகையதே. மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் கடற்றொழிலாளரும் விவசாயிகளும் புனிதர் கதைகளையும் அரசர் கதைகளையும் அண்ணாவிமாரின் பயிற்சியில் விடியவிடிய ஆடிவந்தனர். மத்தளமும் தாளமும் ஒலிக்க, கூத்தர் பாடியதைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் எண்டிறீக்கு எம்பரதோர் முதலான மன்னார் நாடகங்களைப் பதிப்பித்தபோதே பல்கலைக்கழகத்தார் பலர் இச்செல்வத்தை அறிந்தனர். 1965இல் நீ. மரியசேவியர் அடிகள் (1939–2021) நிறுவிய திருமறைக் கலாமன்றம் இம்மரபை நவீன அரங்கோடு இணைத்து, சமய வேறுபாடின்றிப் பார்வையாளரை ஈர்த்தது. கூத்திசை பிறரை எட்டியமைக்கு அதன் அமைப்பே காரணம். ஒருவர் பாடப் பலர் திருப்பிப் பாடும் முறையிலே கேட்போருக்கு ஓர் இடம் முன்னமே ஒதுக்கப்பட்டிருக்கின்றது.

5. வாயிலில் நின்ற இசை

எந்த இசை வழிபாட்டுக்கு ஏற்றது எனும் வழக்கு தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களிடையே நிகழ்ந்ததை ஒப்புநோக்குவது பயன்தரும். ப்ளூஸ் பியானோக் கலைஞராயிருந்த தோமஸ் டோர்சி (1899–1993), 1932இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் ஒருசேர இழந்தார். அத்துயரில் அவர் இயற்றிய பாடல் ‘காஸ்பல்’ இசையின் அடிக்கற்களுள் ஒன்றாயிற்று. ஆயின், ஐரோப்பியப் பாணியே கண்ணியமானது எனக் கருதிய கறுப்பின மத்தியதர வர்க்கச் சபைகள், மதுச்சாலையின் ஓசையைத் தேவாலயத்துட் கொண்டுவந்ததாக அவரைத் தொடக்கத்திற் புறக்கணித்தன. அதே பாடலையே 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச்சடங்கில் மஹாலியா ஜாக்சன் பாடினார். இன்று உலகெங்கும் சமயப் பற்றற்றோரும் விரும்பிக் கேட்கும் கிறிஸ்தவ இசை, ஒருகாலத்தில் சொந்தச் சபைகளின் வாயிலில் நிறுத்தப்பட்ட அவ்விசையே.

தமிழ்ச் சூழலில் வாயிலில் நின்றது பறை. திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கத்தோலிக்கத் தேவாலயம் சாதிகளைப் பிரித்திருத்தும் பொருட்டு இரு கூடங்களாக அமைக்கப்பட்டது. மனிதரையே பிரித்த கட்டடத்துள் அவர்களது தோற்கருவிக்கு இடம் கிடைத்திராது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆர்மோனியமும் வயலினும் மிருதங்கமும் உள்ளே சென்றன. மரச்சட்டத்தில் தோலை இழுத்துக்கட்டி, தீயில் வாட்டிச் சுதியேற்றி, இரு குச்சிகளால் அடிக்கப்படும் பறை இழவு வீட்டோடு நின்றது. (நமது நாட்டிற் பறைமேளம் எனப்படுவது இருமுகக் கருவி, தமிழகத்துப் பறையினின்றும் வடிவத்தில் வேறுபட்டது. இரண்டின்மீதும் படிந்த இழிவு ஒன்றே.)

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் ஆசிரியர் தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இவ்வாயிலைத் திறந்தவர். பரட்டை எனும் புனைபெயரால் அறியப்பட்ட அவர், ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சுத்தமிழிலும் நாட்டார் மெட்டுகளிலும் முழுமையான வழிபாட்டு முறையொன்றை இயற்றினார். அவரது வாதம் எளிமையானது, ஆயின் ஆழமானது. ஐரோப்பிய இசைக்கும் கருநாடக இசைக்கும் பயிற்சியும் பொருளும் ஓய்வும் தேவை. அவற்றை வழிபாட்டின் மொழியாக்கும்போது, அவை இல்லாதோர் தம் வழிபாட்டிலேயே கேட்பாளராகத் தாழ்கின்றனர். நாட்டார் இசையையோ யாரும் பாடலாம், யாரும் மாற்றலாம். கிராமத்தவர் தம் பாடல்களின் சொற்களை மாற்றிப் பாடியதை அவர் பிழையாகக் கருதவில்லை. பாடல் அவர்களுடையதாகிவிட்டதன் அடையாளமாகவே கண்டார். யாவரும் ஒரே உலையிற் பொங்கி ஒன்றாய் உண்பதே நற்கருணையின் பொருள் என அவர் விளக்கியமை, இறையியலின் மொழியிற் கூறப்பட்ட பொதுவுடைமைச் சிந்தனை எனல் தவறாகாது. திண்டுக்கல்லில் கத்தோலிக்கத் துறவி ஒருவர் ஒடுக்கப்பட்ட சாதி இளம்பெண்களைக் கொண்டு உருவாக்கிய சக்தி கலைக்குழு, பறையைப் பெண்களின் கைகளில் கொடுத்து அடுத்த அடியை எடுத்துவைத்தது.

இங்கே எழத்தக்க ஆட்சேபமொன்றை எதிர்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சாதியெதிர்ப்புப் போராட்டங்களில், உயர்சாதியினர் வீட்டு இழவுக்குப் பறையடிக்க மறுத்தமை விடுதலையின் செயலாகவே கருதப்பட்டது. அவ்வாறாயின், பறையைக் கொண்டாடுதல் அடிமைத் தொழிலுக்கு அழகு சேர்ப்பதாகாதா? இவ்வினா நியாயமானது. இரு நிலைப்பாடுகளும் தத்தம் சூழலிற் சரியானவை என்பதே எமது கருத்து. ஒன்றில் மறுக்கப்பட்டது கட்டாயம். மற்றொன்றில் மீட்கப்பட்டது கலை. இழிசேவையின் உறவை முறிக்காது கருவியை மாத்திரம் மேடையேற்றி இரசிக்கும் போக்கே கண்டிக்கத்தக்கது.

6. கேட்கும் முறை

ஆகவே, பரந்த இரசனையுடையோர் தமிழ்க் கிறிஸ்தவ இசையை எங்கிருந்து தொடங்கலாம்? சமயப் பெயரைக் கொண்டு தேடாது, தாம் ஏற்கெனவே விரும்பும் ஓசையின் வழியே தேடுதல் நன்று. கருநாடக இசையிற் பழகியோர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையிலும் ஆபிரகாம் பண்டிதரிலும் தொடங்கிச் சாஸ்திரியாரிடம் செல்லலாம். சாஸ்திரியாரின் குறவஞ்சியும் ஏற்றப்பாட்டும் நாட்டார் இசைக்கு வழிகாட்டும். நாட்டாரியலில் ஈடுபாடுடையோர் மன்னார்க் கூத்தின் ஓரிரவை விழித்திருந்து கேட்டல் வேண்டும். ப்ளூஸையும் காஸ்பலையும் விரும்புவோர் வியாகுலப் பிரசங்கத்திற்கும் அப்பாவுவின் பாடல்களுக்கும் செவிகொடுக்கட்டும். ஒலிநாடாக் காலத்திலிருந்து பெருகிவந்துள்ள, திரையிசை சாயலான துதிப்பாடல்களையும் சரக்கென்று எள்ளி ஒதுக்குவதற்குமுன், அன்றாடக் கூலிக்கு உழைப்போர் எதன் பொருட்டு அவற்றில் ஆறுதல் காண்கின்றனர் என ஆராய்தல் நமது கடமை.

எனினும், இப்பட்டியல் ஒரு தொடக்கமே. கபறியேல் சந்நிதியிலும் கச்சேரி மண்டபத்திலும் ஒரே மரியாதையோடு அமரும் செவி, பறையின் முதல் அடி விழுந்ததும் ‘இது இசையா?’ எனக் கேட்குமாயின், அதன் பரப்பு நாம் எண்ணியதிலும் குறுகியது. அவ்வினா இசையறிவிலிருந்து எழுவதன்று. நாம் பிறந்த தெருவிலிருந்து எழுவது. ஆலயத்துள் யார் எங்கே அமரலாம் என்பதும், எந்தக் கருவி உள்ளே ஒலிக்கலாம் என்பதும் ஒரே கேள்வியின் இரு வடிவங்கள் என்பதைச் சாஸ்திரியாரின் காலம் தொட்டு அப்பாவுவின் காலம்வரை இவ்வரலாறு உணர்த்துகின்றது. இரசனையை விரிப்பது பண்பாட்டுப் பணியாக மாத்திரம் அமையாது, சமூக மாற்றத்தின் ஒரு கூறாகவும் அமைவது இதனாலேயே.